பஸ் ஸ்டாப் சட்டம்

பிப்ரவரி 19

அக்கா,

போன் செய்தால் நீ எடுக்க மாட்டாய். எடுத்தாலும் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, கிழித்துப் போடத்தான் முடியும். கிழிப்பதற்கு முன் இதை மட்டும் படித்துவிடு.

சின்னவனைப் போலீஸ் பிடித்திருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை காலையில் பள்ளிக்கூட வாசலில் திடீர்ச் சோதனை போட்டிருக்கிறார்கள். இவன் பையில் கணக்கு நோட்டுக்கும் சாப்பாட்டு டப்பாவுக்கும் நடுவில், பழைய துணியில் சுற்றி ஒரு கத்தி. வேறு யாருடையதும் இல்லை, எங்கள் வீட்டுக் கத்திதான். தக்காளி நறுக்குவேனே, கறுப்புப் பிடி போட்ட சின்னக் கத்தி. ரொம்ப நாளாகவே அதைக் காணோம். காய்த் தோலோடு சேர்த்துக் குப்பையில் கொட்டிவிட்டேன் போலிருக்கிறது என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி சமையலறையில் என் கத்திக்கு ஏழாம் நம்பர். காலையில் கையெழுத்துப் போட்டு வாங்குகிறேன், வேலை முடிந்ததும் கையெழுத்துப் போட்டு அலமாரியில் வைக்கிறேன். அங்கே ஒன்று குறைந்தால் யாரையும் வீட்டுக்கு விட மாட்டார்கள். என் வீட்டில் ஒன்று குறைந்து ஒன்றரை வருடம் ஆகியிருக்கிறது, எனக்கு உறைக்கவில்லை. கேட்டால் சிரிப்பார்கள்.

புதுச் சட்டத்தைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பதினான்கு வயது முடிந்த எவனிடம் கத்தி கிடைத்தாலும், முதல் தடவையே ஆனாலும், குறைந்தது ஒரு வருடம் உள்ளே. எச்சரித்து அனுப்புகிற பேச்சே கிடையாது. இங்கே எல்லாரும் அதை பஸ் ஸ்டாப் சட்டம் என்றுதான் சொல்கிறார்கள். நம் பெரியவன் குத்துப்பட்டு விழுந்த பஸ் ஸ்டாப். உன் பிள்ளைக்காக வந்த சட்டத்தில் என் பிள்ளை மாட்டிக்கொண்டு நிற்கிறான்.

எங்களுக்குக் கொடுத்திருக்கிற வக்கீலம்மா சின்ன வயதுப் பெண், எப்போது பார்த்தாலும் ஜலதோஷம். சட்டத்தில் ஒரே ஒரு இடுக்கு இருக்கிறது என்கிறாள். ‘அசாதாரண சூழ்நிலை’ என்று நீதிபதிக்குப் பட்டால் குறைக்கலாமாம். "அந்தச் சட்டத்தைக் கேட்டு வாங்கினவங்களே ஒரு கடிதம் எழுதினா, ஜட்ஜ் யோசிக்காம இருக்க முடியாது" என்றாள். நீ என் அக்கா என்று நான்தான் அவளிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ.

மார்ச் 28 விசாரணை. அவனுக்கு இப்போதுதான் பதினாறு முடிந்தது. நீ எழுதுவாயா?

உன் தங்கை


மார்ச் 1

தங்கச்சிக்கு,

கிழிக்கவில்லை. இரண்டு தடவை படித்தேன்.

நான் எழுத மாட்டேன். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் நீயாக ஒன்றை நினைத்துக்கொள்வாய்.

என் பிள்ளையைக் குத்தியவனை அதற்கு ஐந்து மாதம் முன்பே கத்தியோடு பிடித்து விட்டிருந்தார்கள். அது உனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது. வழக்குக் கோப்பில் அந்தப் பழைய வழக்கின் காகிதங்களையும் எனக்குக் காட்டினார்கள். அதில் அவனுடைய வாத்தியார் எழுதிய கடிதம் ஒன்று இருந்தது. நல்ல கையெழுத்து. ‘அமைதியான பையன். பயத்தில் செய்துவிட்டான். ஒரு வாய்ப்புக் கொடுங்கள்.’ அவன் அம்மா அழுததாகவும் குறித்திருந்தார்கள். வாய்ப்புக் கொடுத்தார்கள். அந்த வாய்ப்பில் என் பிள்ளை போய்ச் சேர்ந்தான்.

அந்த வாத்தியார் கெட்டவர் இல்லை. நல்ல மனதோடுதான் எழுதியிருப்பார். அதே கடிதத்தை இப்போது நீ என்னை எழுதச் சொல்கிறாய்.

கடையில் என்னை முன்பக்கத்திலிருந்து உள்ளறைக்கு மாற்றிவிட்டார்கள். லென்ஸ் தேய்க்கிற மெஷினோடுதான் இப்போது என் பொழுது போகிறது. முன்னால் உட்கார்ந்திருந்தால் கண்ணாடி போட வருகிறவர்கள் ‘டிவியில வந்தீங்களே, அந்த அம்மாதானே’ என்று கேட்டுக் கண்கலங்குகிறார்கள். கண்ணைச் சோதிக்க முடிவதில்லை என்று முதலாளி சொன்னார். அது ஒருவகையில் எனக்கு நல்லதுதான். மெஷின் சத்தத்தில் யாரும் என்னிடம் பேச முடியாது.

படிக்க வந்தவனை எட்டு மாதம் உன் வீட்டில் விட்டு வைத்திருந்தேன், நீ பார்த்துக்கொள்வாய் என்று. இப்போது நீ பெற்றவன் பையில் என்ன இருந்தது என்றே உனக்குத் தெரியவில்லை என்று எழுதுகிறாய்.

ஒரு வருடம்தானே. திரும்பி வருவான். நாள் எண்ணிக்கொண்டிருக்க உனக்கு ஒரு தேதியாவது இருக்கும்.

அக்கா


மார்ச் 9

அக்கா,

உன் கடிதத்தை சமையலறைக்குப் பின்னால் எண்ணெய் டின்கள் அடுக்கியிருக்கிற இடத்தில் நின்று படித்தேன். படித்துவிட்டுப் போய் நாற்பது கிலோ உருளைக்கிழங்கைத் தோல் சீவினேன். யார் கூப்பிட்டும் எனக்குக் காது கேட்கவில்லை. என் பிள்ளை என்று பிரித்துச் சொல்கிறாய். எட்டு மாதம் என் கையால் சாப்பிட்டவன். அவன் சட்டையை இன்னும் நான் யாருக்கும் தூக்கிக் கொடுக்கவில்லை. பரவாயில்லை, அதை விடு.

இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்லப் போகிறேன். சொல்ல வேண்டாம் என்றுதான் இவன் அப்பா சொன்னார்.

பெரியவன் வழக்கில் நடந்ததைப் பார்த்ததாகச் சாட்சி சொன்னது சின்னவன் ஒருவன்தான். பஸ் ஸ்டாப்பில் பத்துப் பேர் நின்றிருக்கிறார்கள், ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை. இவன் கூண்டில் ஏறி, ‘என் போனைக் கேட்டாங்க, அண்ணன் வந்து விட்டுடுங்கப்பான்னு சொன்னான், இவன் குத்தினான்’ என்று கை நீட்டிக் காட்டினான். பதினாலு வயது. குத்தியவன் உள்ளே போனான். கூட நின்ற மூன்று பேர் வெளியே இருக்கிறார்கள். இவன் பள்ளிக்கூடம் போகிற அதே பஸ்ஸில்தான் அவர்களும் ஏறுகிறார்கள். எதுவும் பேச மாட்டார்களாம். பின் சீட்டில் உட்கார்ந்து, இவன் இறங்குகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருப்பார்களாம். ஒரு நாள் அதில் ஒருவன் எழுந்து வந்து இவன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டுப் போயிருக்கிறான். அவ்வளவுதான். நாங்கள் இரண்டு தடவை ஸ்டேஷனுக்குப் போனோம். காலரைச் சரிசெய்ததற்கு என்ன கேஸ் போடுவது என்று கேட்டார்கள். ஆனாலும் எழுதிக்கொண்டார்கள், தப்பு சொல்லக் கூடாது.

வேறு பள்ளிக்கூடம் பார்த்தோம். பாதி வருடத்தில் சேர்க்க மாட்டோம் என்றார்கள். நடந்து போகச் சொன்னோம், அவர்கள் தெரு வழியாகத்தான் போக வேண்டும். நான் கூடவே பஸ்ஸில் போனேன், பதினெட்டு நாள். பிறகு என் காலை ஷிப்டை மாற்ற முடியாது என்றுவிட்டார்கள்.

இதெல்லாம்தான் காரணம் என்று நானும் நினைத்திருந்தேன். போன வாரம் வக்கீலம்மா அவனைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டிருக்கிறாள். வெளியே வந்து என்னைப் பார்த்துச் சொல்ல அவளுக்கே கஷ்டமாக இருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அன்றைக்கு நீ என்னிடம் சொன்னாயே, ஞாபகம் இருக்கிறதா? "என் புள்ள உன் புள்ளைக்காக நின்னான். உன் புள்ள அவனை விட்டுட்டு ஓடி வந்துட்டான்." அப்போது சின்னவன் தண்ணீர் குடிக்கிற குழாய்ப் பக்கம் நின்றிருக்கிறான். தூணுக்கு அந்தப் பக்கம். நமக்குத் தெரியவில்லை.

வக்கீலம்மாவிடம் அவன் சொன்னது இது. "அடுத்த தடவை ஓடக் கூடாதுன்னுதான் வச்சிருந்தேன்."

உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. அந்த நிலைமையில் நானாக இருந்தால் இன்னும் மோசமாகப் பேசியிருப்பேன். ஆனால் பையில் என்ன இருந்தது என்று கேட்டாய் அல்லவா. இதுதான் இருந்தது.

உன் தங்கை


மார்ச் 20

தங்கச்சிக்கு,

நீதிபதிக்கு எழுதி அனுப்பிவிட்டேன். ரிஜிஸ்டர் தபால். உன் வக்கீலுக்கும் ஒரு நகல் போயிருக்கிறது.

ஏழு நாள் ஆயிற்று எழுதி முடிக்க. எப்படித் தொடங்கினாலும் அந்த வாத்தியாருடைய வார்த்தைகளே வந்து விழுந்தன. அமைதியான பையன். பயத்தில் செய்துவிட்டான். வேறு வார்த்தை தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. கடைசியில் அதையே எழுதினேன். வராந்தாவில் நான் சொன்னதையும் எழுதினேன். அவன் காதில் விழுந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன் என்று எழுத நினைத்தேன். அது நிஜமா என்று தெரியவில்லை, அதனால் எழுதவில்லை.

சட்டத்தைக் கொண்டுவந்த சட்டசபை உறுப்பினரம்மாவையும் போய்ப் பார்த்தேன். மரியாதையாகத்தான் நடத்தினார். கதவு வரை வந்து அழைத்துப் போனார். என் தங்கை மகன் என்றதும் முகம் மாறிவிட்டது. "இப்ப உங்களுக்காக ஒரு விலக்குக் கேட்டா நாளைக்கு எல்லா அம்மாவும் வருவாங்க. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதானேம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே வருத்தப்பட்டார்.

குத்து வெட்டு குறைந்திருக்கிறதா என்று கேட்டேன். மூன்று மாதத்தில் சொல்ல முடியாது, இரண்டு வருடம் போகட்டும் என்றார். பிடிபடுகிறவர்கள் மட்டும் அதிகமாகியிருக்கிறார்களாம். அது நல்லதா கெட்டதா என்று கேட்டேன். இரண்டு விதமாகவும் சொல்லலாம் என்றார்.

சட்டம் வருவதற்கு முன் சட்டசபைக் கமிட்டி முன்னால் நான் பேசியது அச்சிட்ட புத்தகமாக அங்கே மேஜையில் கிடந்தது. எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். நன்றாகத்தான் பேசியிருக்கிறேன். இப்போது கேட்டாலும் அதில் பாதியைத் திரும்பச் சொல்வேன். என்னால் அதை மறைக்க முடியாது. குத்தியவனை அன்றைக்கே உள்ளே வைத்திருந்தால் பெரியவன் இன்று இருந்திருப்பான். அதையும் மாற்ற முடியாது, சின்னவனையும் விட முடியவில்லை. என்ன செய்யச் சொல்கிறாய் என்னை?

28ஆம் தேதி நான் வரவில்லை. என்னைப் பார்த்தால் பத்திரிகைக்காரர்கள் கூடிவிடுவார்கள். அது அவனுக்கு நல்லதில்லை.

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

ஒரு வருடம். அதற்குக் குறைவாகக் கொடுக்க முடியாதாம், அதிகமாகவும் கொடுக்கவில்லை.

நடந்தது நடந்தபடி உனக்குச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் உன் கடிதம் வீணாய்ப் போயிற்று என்று நினைப்பாய். நீதிபதி வயதானவர். உன் கடிதத்தை முதலில் ஒரு தடவை படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்ப எடுத்து இன்னொரு தடவை படித்தார். கோர்ட்டில் அத்தனை பேரும் காத்திருந்தார்கள். வக்கீலம்மா தும்மலை அடக்கிக்கொண்டு நின்றாள்.

பிறகு அவர் பேசினார். சத்தமே இல்லை, முன் வரிசையில் இருந்த எங்களுக்கே எட்டிக் கேட்க வேண்டியிருந்தது. அசாதாரண சூழ்நிலை என்றால், பிடிபட்ட அந்த நிமிடத்தில் அவன் உயிருக்கு ஆபத்து இருந்ததாகக் காட்ட வேண்டுமாம். பள்ளிக்கூட வாசலில் போலீஸ் நிற்கும்போது என்ன ஆபத்து? பயந்தான் என்பதை ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். "ஆனா பயம் அசாதாரணம் இல்லை. இந்த மாசம் இங்க வந்த பதினோரு பையன்களும் பயந்துதான் வச்சிருந்தாங்க" என்றார்.

அப்புறம் கமிட்டியில் நீ பேசியதிலிருந்து ஒரு வரியை வாசித்தார். அழுதுகொண்டு வருகிற எந்த அம்மாவைப் பார்த்தும் நீதிபதியின் மனம் மாற வழி வைக்காதீர்கள் என்று நீ சொன்ன வரி. அதற்காகத்தான் இந்தப் பிரிவையே இவ்வளவு இறுக்கமாக எழுதினார்களாம். வாசித்துவிட்டு, உன் கடிதத்தை மடித்து வழக்குக் கோப்புக்குள் வைத்தார். என்னைப் பார்த்து, "எனக்கு இடமில்லைம்மா" என்றார்.

நான் அழவில்லை. அழுகிற அம்மாவாக அங்கே நிற்கப் பிடிக்கவில்லை.

சின்னவன் திரும்பிப் பார்த்தான். பெல்ட்டைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றி என்னிடம் நீட்டினான், இதை வச்சுக்கோ என்கிற மாதிரி. நான் வாங்குவதற்குள் காவலர் வாங்கி ஒரு பையில் போட்டுக்கொண்டார்.

உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. எதற்கு என்று சரியாகப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. எழுதியதற்கு நன்றி என்றும் சொல்ல வேண்டும். இரண்டையும் ஒரே கடிதத்தில் வைத்துக்கொள்.

தங்கை


மே 20

அக்கா,

நீ பதில் போடவில்லை. நானும் போட வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இதைச் சொல்ல எனக்கு வேறு யாரும் இல்லை. இவன் அப்பா வண்டி எடுத்துக்கொண்டு போனால் நாலு நாள் கழித்துத்தான் வருகிறார். வந்தாலும் பேசுவதில்லை, சாப்பிட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்.

பதினைந்து நாளுக்கு ஒரு தடவை அவனைப் பார்க்க விடுகிறார்கள். நாற்காலிகளைத் தரையோடு திருகி வைத்திருக்கிறார்கள். நாம் நெருங்கி உட்காரவும் முடியாது, விலகி உட்காரவும் முடியாது. போன தடவை அவன் முழங்கைக்குக் கீழே கட்டு. என்னடா என்றால் கதவில் பட்டுவிட்டது என்கிறான். நானும் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள்தானே. கதவில் பட்டால் அப்படிக் கட்ட மாட்டார்கள். கிளம்பும்போது மெதுவாகக் கேட்டேன். "உள்ளயும் எல்லாரும் ஏதாவது வச்சிருக்காங்கம்மா. டூத்பிரஷ்ஷைக் கூராத் தேய்ச்சு வச்சிருக்காங்க" என்றான். நீயும் வைத்திருக்கிறாயா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை அக்கா. பதில் தெரிந்துவிடும் என்று பயமாக இருந்தது.

எங்கள் தெருவில் இப்போது பெரிய பையன்கள் யாரும் கத்தி வைத்துக்கொள்வதில்லை. சட்டம் வேலை செய்கிறது என்று நீ சந்தோஷப்படலாம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளின் பையில் கொடுத்து வைக்கிறார்கள். பதினாலு ஆகவில்லையென்றால் கேஸ் இல்லையே. எதிர்வீட்டுப் பையன் நேற்று பஸ்ஸில் மடியில் பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். குழந்தையைப் பிடிக்கிற மாதிரி. அவன் அம்மாவிடம் சொல்லலாமா, அவள் நம்புவாளா என்று யோசித்து யோசித்தே என் ஸ்டாப் வந்துவிட்டது.

அவசரப் பிரிவில் இருக்கிற நர்ஸ் அக்கா சாப்பிட வரும்போது கேட்டேன், வெட்டுக்காயம் குறைந்திருக்கிறதா என்று. ஒரு வாரம் குறைகிறது, நிம்மதியாக இருப்பதற்குள் அடுத்த வாரம் வந்துவிடுகிறது என்றாள். வயது மட்டும் இறங்கிக்கொண்டே போகிறதாம்.

சின்னவன் உன்னைக் கேட்டான். "பெரியம்மா வருவாங்களா?" என்றான். போகச் சொல்லி நான் உன்னைக் கேட்கவில்லை. அவன் கேட்டதைச் சொன்னேன், அவ்வளவுதான்.

தங்கை


ஜூன் 11

தங்கச்சி,

நேற்று போய்ப் பார்த்தேன். உன்னிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொன்னால் நீ பாதி வழியில் வந்து நின்றிருப்பாய், எனக்குத் தைரியம் போயிருக்கும்.

வாசலில் சீட்டு எழுதுகிற அதிகாரி என்னை அடையாளம் கண்டுகொண்டார். எழுந்து நின்று கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களாலதான்மா இதெல்லாம் நடந்துச்சு" என்றார். பாராட்டாகச் சொன்னார். பிறகு யாரைப் பார்க்க வந்திருக்கிறேன் என்று சீட்டைப் படித்தார். முத்திரையைக் குத்திக் கொடுத்தார்.

வளர்ந்திருக்கிறான். சட்டைக் கை எட்டவில்லை. கட்டைப் பிரித்துவிட்டார்கள், தழும்பு இருக்கிறது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். நான் உட்கார்ந்த பிறகும் உட்காரவில்லை, நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

என்ன சாப்பிடுகிறாய், படிக்கிறாயா என்றெல்லாம் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். பத்து நிமிடம் அப்படிப் போயிற்று. பிறகு இரண்டரை வருடமாக என் மனதில் இருந்ததைக் கேட்டேன். ஒரு பொய்யைக் கேட்டு வாங்கத்தான் அவ்வளவு தூரம் ரயில் ஏறிப் போனேனோ என்று இப்போது தோன்றுகிறது.

"அண்ணன்தானேடா உன்னை ஓடச் சொன்னான்?" என்று கேட்டேன்.

ஆமாம் என்று அவன் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் எனக்கும் போதும், அவனுக்கும் போதும். யார் வந்து மறுக்கப் போகிறார்கள்?

"இல்ல பெரியம்மா. ஓடச் சொல்லல. என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். ரெண்டு தடவை. நான் திரும்பிப் பாக்கல."

நான் எதையாவது சொல்லியாக வேண்டும். நீ ஓடினதுதான் சரி, அதனால்தான் உங்கள் இரண்டு பேரில் நீ ஒருவனாவது இருக்கிறாய் என்றேன். மனதாரச் சொன்னேன், நம்பு. அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். கோபமே இல்லை அந்த முகத்தில்.

"அன்னிக்கு நீங்க அப்படிச் சொல்லலையே" என்றான்.

அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். மேஜைக்கு மேல் கையைத் தொடக் கூடாது என்று காவலர் சொன்னார், எடுத்துவிட்டேன்.

நேரம் முடிந்தது என்று மணி அடித்தார்கள். இனிமேல் கத்தியை எடுக்க மாட்டாய் அல்லவா என்று கேட்டேன். எல்லாரையும் போல நானும் கேட்டேன். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவனுக்கு வேறு ஒன்று கேட்க வேண்டியிருந்தது. எப்போதிருந்து வைத்திருந்தானோ, மணி அடித்த பிறகுதான் கேட்டான்.

"அடுத்த மார்ச்சுல விட்டுடுவாங்க பெரியம்மா. அவனுங்க அந்த பஸ்லதான் இருப்பானுங்க. நான் எந்த வழியா வீட்டுக்குப் போகட்டும்?"

சட்டத்தின் ஒவ்வொரு பிரிவும் எனக்கு மனப்பாடம். கமிட்டி முன்னால் ஒன்றரை மணி நேரம் நின்று பேசியிருக்கிறேன். அவன் அங்கேயே நின்றான், பதில் வரும் என்று நம்பி. காவலர் தோளைத் தொட்டுத் திருப்புகிற வரைக்கும் நின்றான்.

ரயிலில் வரும்போதெல்லாம் யோசித்தேன். இன்று கடைக்கும் போகவில்லை. உன் ஊர்த் தெருக்களை ஞாபகத்தில் கொண்டுவந்து, காகிதத்தில் வரைந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். பள்ளிக்கூடம், மார்க்கெட், உன் வீடு. எப்படிப் போட்டாலும் அந்த ஸ்டாப்பைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது.

நீ அங்கேயே இருக்கிறவள். வேறு வழி ஏதாவது இருந்தால் எனக்கு எழுது.

அக்கா